கம்பியில் ஒரு நிமிடம்

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இயற்பியல் முதுகலை மாணவி ஆயிற்றே, அணுவைப் பற்றியோ விண்மீன்களைப் பற்றியோ எழுதித் தருவாள் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவற்றைப் பற்றி எழுத என்னினும் தகுதி உடையவர்கள் நம் வளாகத்தில் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது வேறு. சென்ற விடுமுறையில் இடுக்கி மலையில் ஓர் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் பறந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு நிமிடத்துக்கு இத்தனை பக்கங்களா என்று சிரிக்காதீர்கள். அந்த நிமிடத்துக்குப் பின்னால் நூறு ஆண்டுகள் இருக்கின்றன.

'ஜிப் லைன்' என்று அதற்குப் பெயர். உயரமான மேடை ஒன்றிலிருந்து தாழ்வான மேடை ஒன்றுக்குக் கம்பி வடம் கட்டியிருப்பார்கள். வடத்தின்மேல் ஒரு கப்பி ஓடும். கப்பியில் ஒரு கொக்கி, கொக்கியில் வார்ப்பட்டை, வார்ப்பட்டைக்குள் நாம். மேல்நாட்டுப் பனிச்சறுக்கு மலைகளில் இது பெரிய வாணிபம். பனி உருகிவிட்ட கோடையில் சறுக்குவதற்கு ஆள் வராது. ஆகவே மலையைச் சும்மா விடாமல் கம்பி கட்டி மனிதர்களைப் பறக்க விடுகிறார்கள். பனியே காணாத பாலை நிலமும் பின்வாங்கவில்லை. அரபு நாட்டில் ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் 2018-இல் திறந்த கம்பி 2.8 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உலகிலேயே நீளமானது என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது.

ஆனால் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். நேப்பாளத்து மலை மக்கள் பாலம் இல்லாத ஆறுகளை இப்படிக் கம்பியில் தொங்கித்தான் கடந்தார்கள், 'துயின்' என்பார்கள். 1970-களில் கோஸ்டாரிக்காவின் மழைக்காடுகளில் மர உச்சிகளை ஆராயப் புகுந்த உயிரியலாளர்கள் கயிறு கட்டித்தான் மரத்துக்கு மரம் சென்றார்கள். முதலில் பிழைப்பு, பிறகு ஆராய்ச்சி, கடைசியில் கேளிக்கை. உலகில் பல பொருள்களின் கதை இதுதான் போலும்.

நாங்கள் நால்வர் புறப்பட்டோம். வேதியியல் தோழி ஒருத்தி, தாவரவியல் தோழர் ஒருவர், அவருடைய தங்கை, நான். முதல் நாள் இரவு எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் தங்கல். எலப்புள்ளியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது. பனைமரமும் வயலும் காற்றுமாக இருக்கும் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வாய் திறந்திருக்கிறதல்லவா, அந்தக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் ஊர்ப் பனை ஓலைகளை ஓயவிடாது. கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழும் பாதிப் பேர் மலையாளமும் பேசுவார்கள். பல பேர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார்கள்.

நான் அந்த ஊரில் பிறந்தவள் அல்லள். மூணாற்றில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். லயம் என்றால் வரிசையாய் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அறை வீடுகள். அப்பா என் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். அம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தார். 2018-இல் முழங்கால்கள் ஓய்ந்து வேலையை விட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும். அதுதான் தோட்டத்துச் சட்டம். எலப்புள்ளியில் அத்தை இருந்ததால் அங்கே வந்து வாடகை வீட்டில் குடியேறினோம். அம்மா வீட்டிலேயே இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அந்த இட்லியில்தான் நான் எம்.எஸ்ஸி. வரை வந்திருக்கிறேன்.

மலையை விட்டு இறங்கிய பிறகு நாங்கள் ஒரு முறையும் திரும்பிப் போகவில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர் எழுபது பேர். பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலையைப் பற்றிய பேச்சே இல்லை. தொலைக்காட்சியில் மூணாறு வந்தால் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார்.

அதனால் போகிறோம் என்று நான் சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எதுக்குப் போறீக?" என்று கேட்டார்.

"கம்பியில் பறக்க" என்றேன்.

"அங்கெ போயி பறக்கவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போனார். ஆயினும் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது நான்கு பேருக்கும் புளிச்சோறு கட்டி வைத்திருந்தது.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று வழி. உடுமலையில் வெயில் சுட்டது, சின்னாற்றில் முள்மரங்கள், மறையூரில் சந்தன மரங்களும் வெல்லம் காய்ச்சும் மணமும், அதற்கு மேலே திடீரென்று குளிர். ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காட்டும் சாலை அது. தாவரவியல் தோழர் சன்னலோரம் அமர்ந்து ஒவ்வொரு மரத்துக்கும் இலத்தீன் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். தேயிலை தொடங்கியதும் "கமேலியா சினென்சிஸ்" என்றார். "எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சோறு" என்றேன். அவர் அடுத்த மரத்துக்குப் பெயர் சொல்ல மறந்துவிட்டார்.

மூணாற்றுக்கு அப்பால், ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தது அந்த இடம். ஒரு பக்கச் சரிவில் ஏலக்காடு, மறு பக்கத்தில் தேயிலை. நடுவே வெள்ளிக் கோடுபோல் ஒரு கம்பி. பலகையில் எழுதியிருந்தது: நீளம் 400 மீட்டர், கட்டணம் ரூபாய் 600.

அறுநூறு என்ற எண்ணைப் பார்த்ததும் என் மனம் பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அன்று நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. கடைசியில் கிடைத்தது 301. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அம்மா உரக்கப் பேசி நான் கேட்டது அந்த நாள்களில்தான். அவ்வளவு போராடிப் பெற்ற கூலியில் இரண்டு நாள் கூலி, இந்தக் கம்பியில் ஒரு நிமிடம்!

திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தோழி என் முகத்தைப் பார்த்து, "பயமாடீ?" என்று கேட்டாள். பயம் என்று ஒப்புக்கொள்வது எளிதாக இருந்தது. "ஆமாம்" என்றேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பொய்யும் முழுப் பொய் அன்று, பயமும் இருந்தது.

மேடையில் எங்களுக்கு முன் ஒரு குடும்பம் நின்றது. காத்திருந்த நேரத்தில், பயத்தைப் போக்க நான் அறிந்த ஒரே மருந்தை எடுத்தேன், கணக்குப் போட்டேன். மேல் மேடைக்கும் கீழ் மேடைக்கும் உயர வேறுபாடு நாற்பது மீட்டர் என்று பணியாள் சொன்னார். உராய்வும் காற்றுத் தடையும் இல்லையென்றால் அடியில் நொடிக்கு 28 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டர் வரும். நல்ல வேளையாக இரண்டும் இருக்கின்றன. கம்பியின் தொய்வும் கடைசியில் வேகத்தைத் தணிக்கும். முன்னே போனவர்களை நேரம் பார்த்தேன்: 45 நொடி. சராசரி மணிக்கு 32 கிலோமீட்டர். நம் ஊர்ப் பேருந்தின் வேகம்தான்!

தாவரவியல் தோழர், "கம்பி ஏன் இப்படித் தொங்குகிறது? இழுத்துக் கட்டக்கூடாதா?" என்று கவலையோடு கேட்டார். இது நல்ல வினா. கம்பி தளர்ந்திருப்பது சோம்பேறித்தனம் அன்று, அதுதான் காவல். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் நடுவில் தொங்கும்போது, 400 மீட்டர்க் கம்பி அவருடைய பாரத்தால் பத்து மீட்டர் தாழ்ந்தால், அவருக்காகக் கம்பி தாங்கும் இழுவிசை அவர் எடையைப் போலப் பத்து மடங்கு. தொய்வு ஐந்து மீட்டர் ஆனால் இருபது மடங்கு. ஒரு மீட்டர் ஆனால் நூறு மடங்கு. முழுக்க நேராக இழுத்துக் கட்ட முயன்றால் எந்தக் கம்பியும் அறுந்துபோகும். விட்டுக் கொடுக்கத் தெரிந்த கம்பியே பாரம் தாங்கும். நான் இதைச் சொன்னதும், "எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்" என்றாள் வேதியியல் தோழி. எல்லோரும் சிரித்தோம்.

கணக்கு முடிந்தது, பயம் முடியவில்லை. என் முறை வந்தது. வார்ப்பட்டையை இடுப்பிலும் தொடையிலும் இறுக்கினார்கள். தலைக்கவசம் மாட்டினார்கள். மேடையின் விளிம்பில் நின்றேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இழுவிசையும் பாதுகாப்பு விகிதமும் தெரிந்த மூளை "போ" என்றது. கால் "மாட்டேன்" என்றது. அறிவியல் படித்தவர்களுக்குப் பயம் இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்த விளிம்பில் முழுதாக மூன்று நிமிடம் நின்றேன்.

கொக்கி மாட்டிய இளைஞன் பேச்சிலேயே தெரிந்துவிட்டது, அவனும் லயத்துப் பிள்ளை. "அக்கா, கீழ பாக்காதீக. எதுத்த மலையப் பாருங்க" என்றான். பார்த்தேன். எதிர்ச் சரிவில் தேயிலைப் பத்திகளுக்கு இடையே சிவப்பும் மஞ்சளுமாகச் சில புள்ளிகள் அசைந்தன. தலையில் துணி கட்டிய பெண்கள். அந்தத் தூரத்திலும் அந்தக் குனிவை எனக்குத் தெரியும். நான் எந்தக் கணத்தில் காலை எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

முதல் நொடியில் வயிறு மேலே போயிற்று. நான் கத்தினேன் என்று பின்னர் சொன்னார்கள். கப்பியின் 'விர்' என்ற ஓசை, முகத்தில் மோதும் குளிர்க்காற்று, கீழே ஏலத்தின் நீண்ட இலைகள், ஒரு சிற்றோடையின் பளபளப்பு. பிறகு திடீரென்று தேயிலை. மேலிருந்து பார்த்தால் தேயிலைக் காடு எவ்வளவு ஒழுங்கு! பச்சைக் கம்பளத்தில் சீப்பு வாரியதுபோல் பாதைகள். பதினாறு ஆண்டுகள் நான் அந்தப் பாதைகளுக்குள் நடந்திருக்கிறேன். அவை அழகு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. உள்ளே இருப்பவருக்கு அது அட்டை கடிக்கும் ஈரம். மேலே பறப்பவருக்கு ஓவியம். இரண்டும் உண்மைதான். கட்டணம் மட்டும் ஓவியத்துக்கு.

பத்திக்குள்ளிருந்து ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கையை எடுக்கப் பயந்தேன்; தலையை ஆட்டினேன். அதற்குள் கீழ் மேடை வந்துவிட்டது.

கால் தரையில் பட்டதும் தோழர்களுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் மெல்லப் பத்தி ஓரம் போனேன். கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஓர் அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் வயது இருக்கும்.

"பயமா இல்லையா பாப்பா?" என்றார்.

"இருந்தது, அத்தை."

"எம்புட்டு வாங்குறாக?"

"அறுநூறு."

அவர் கம்பியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கீழ எறங்குறதுக்கா?" என்றார். "மூட்டையோட மேல ஏறுற எங்களுக்கே அம்புட்டுத் தரமாட்டேங்குறாகளே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு அது. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னுடனேயே பேருந்தில் ஏறிக்கொண்டது.

ஏனென்றால் அது என் பாடநூலில் இருக்கிறது. மேலிருந்து கீழே வரும் பொருள் புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. அதை மேலே ஏற்றியபோது செலவிட்ட ஆற்றலைத்தான் திருப்பித் தருகிறது. நாற்பது மீட்டர் இறங்கிய எனக்கு மலை தந்தது ஏறத்தாழ 19,600 ஜூல். உணவுக் கணக்கில் ஐந்து கலோரிகூட இல்லை. அம்மா அவிக்கும் இட்லியில் ஒரு விள்ளல். மேல் மேடைக்கு என்னை ஏற்றியது ஒரு ஜீப். அதற்குள் எரிந்தது டீசல். ஆனால் இந்தச் சரிவுகளில் கொழுந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள் எதை எரித்தார்கள்? உடம்பு தான் உண்ட உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மற்றது வெப்பமாகப் போய்விடும். முப்பது ஆண்டுகள் அப்படி ஏறி இறங்கியதில்தான் அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்தன.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சொல் உண்டு: "பெட்டிக்குக் கம்பி, ஆளுக்குக் கால்." சிறு வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அன்று விளங்கியது.

மூணாற்றுத் தேயிலை ஊருக்கு இறங்கிய கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908-இல் அதை நீக்கிச் சிறு இருப்புப்பாதை அமைத்தார்கள். டாப் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், இன்று கேரள எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர். பிறகு கடல் கடந்து இங்கிலாந்து. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

அம்மாவின் பாட்டனார் அந்தக் காலத்தில் போடிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலை ஏறியவர். கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செங்குத்தான மலையில், தலையில் பாத்திரமும் தோளில் பிள்ளையுமாக ஏறினார்கள். தலைக்கு மேலே கம்பியில் தேயிலைப் பெட்டிகள் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து அவர் சொன்னதுதான் அந்தச் சொல். பெட்டிக்குக் கம்பி, ஆளுக்குக் கால்.

நூறு ஆண்டுகள் கழித்து, அவருடைய பேத்தியின் மகளாகிய நான், பெட்டியைப்போல் கம்பியில் இறங்கினேன். இதை வெற்றி என்பதா? ஒருவகையில் வெற்றிதான். ஆளுக்கும் கம்பி வந்துவிட்டது. பழனி மலைக்கு 2004 முதல் கம்பி வண்டி ஓடுகிறது. ஏற முடியாத முதியவர்கள் அதில் அமர்ந்து முருகனைக் காணப் போகிறார்கள். ஆனால் கொழுந்து மூட்டையோடு ஏறும் அந்த அம்மாவுக்கு இன்னும் கால்தான். கீழே இறங்கி மகிழக் கம்பி கட்டத் தெரிந்த நம் அறிவு, மேலே சுமை ஏற்ற ஒரு கம்பி கட்டித் தரக் கூடாதா? இது பொறியியலுக்குக் கடினமான வினா அன்று. கேட்பவர்தாம் இல்லை.

இரவு வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அம்மா விழித்திருந்தார். சோறு போட்டுவிட்டு எதிரே அமர்ந்தார். எதுவும் கேட்கமாட்டார் என்று நினைத்தேன்.

"மேலருந்து என்ன தெரிஞ்சது?" என்றார்.

சொன்னேன். ஏலக்காடு, ஓடை, பத்திகள், தலைத்துணிகள். கையசைத்த பெண்ணைச் சொன்னேன். அறுநூறு ரூபாயைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அந்த அம்மா சொன்ன சொல்லோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சாலையில் அமர்ந்து முழங்கிய அந்த நாள்களுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

சிரித்து முடித்ததும், "நம்ம லயத்துக்குப் பின்னால மரத்தக்காளி இருந்துச்சே, அந்தப் பக்கம் போனியா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. நேரம் இல்லை."

சிறிது நேரம் பனை ஓலைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். "பறக்கல்லாம் வேண்டாம். எங்கயாச்சும் மேட்டுல சும்மா உக்காந்து பாக்கணும். முப்பது வருசம் அந்த மலையில குனிஞ்சே நின்னேன். அது எப்படி இருக்கும்னு நிமிந்து பாத்ததே இல்ல."

தோழர்களே, நீங்களும் விடுமுறையில் மலைக்குப் போவீர்கள். கம்பியில் பறந்து பாருங்கள்; நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கும் போட்டுப் பாருங்கள். இறங்கிய பிறகு பத்தியோரம் சென்று, அங்கே நிற்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர்களுக்கும் தமிழ்தான்.

அடுத்த விடுமுறைக்கு உடுமலை வழியாக மூணாறு போக நான் ஆயத்தம் செய்துவிட்டேன். இந்த முறை நானும் அம்மாவும் இரண்டே பேர். ஏறுவதற்கு ஜீப் பேசிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "காசு எதுக்கு? மெல்ல நடந்துக்கலாம்" என்கிறார். அதில் மட்டும் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை.